அயலாரைத் தேடிச் சென்ற மகள்

(ஜேன் ஆடம்ஸ் அம்மையாரின் வாழ்க்கை தரும் பாடம்)

முன்னுரை

"தனிமரம் தோப்பாகாது" என்பது நம் முன்னோர் மொழி. ஒரு வீட்டிற்கு நிழலாய் நின்ற பெருமரம் நோய் என்னும் புயலில் சாய்ந்துவிட்டால், அந்நிழலில் வளர்ந்த இளங்கன்றின் கதி என்ன? அது வாடி நிற்குமா? தனிமரமாய் வளருமா? அல்லது மற்ற மரங்களோடு சேர்ந்து தோப்பாகுமா? இக்கேள்வி ஏட்டில் படித்து மறக்கும் கேள்வி அன்று. நம் பள்ளியிலும் தாயையோ தந்தையையோ நோய்க்குப் பறிகொடுத்த மாணவியர் பலர் இருக்கிறோம். அமெரிக்க நாட்டில் பிறந்து, தாயையும் தந்தையையும் இழந்து, பின்னர் ஒரு நகரத்தின் ஏழை மக்களையே தம் சுற்றமாக்கிக்கொண்ட ஜேன் ஆடம்ஸ் அம்மையாரின் வரலாறு இக்கேள்விக்கு ஒரு விடை தருகிறது. அதனை இக்கட்டுரையில் காண்போம்.

ஆலைக்காரரின் மகள்

ஜேன் ஆடம்ஸ் 1860-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் இல்லினாய் மாநிலத்தில் சீடர்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜான் ஆடம்ஸ் மாவு ஆலையும் மரம் அறுக்கும் ஆலையும் வைத்திருந்தவர். மாநில மேலவை உறுப்பினர். ஆபிரகாம் லிங்கனின் நண்பர். தாய் சாரா அம்மையார் இரக்க குணம் மிக்கவர். 1863-ஆம் ஆண்டு ஜனவரியில், தாமே கர்ப்பிணியாய் இருந்தபோதும், பிரசவ வேதனையில் இருந்த அண்டை வீட்டுப் பெண்ணுக்கு உதவச் சென்றார். சென்ற இடத்தில் உடல்நலம் குலைந்தது. சில நாட்களில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது குழந்தை ஜேனுக்கு வயது இரண்டுதான். அன்னையின் முகம்கூட மனத்தில் பதியாத வயது!

நான்கு வயதில் ஜேனை முதுகெலும்புக் காசநோய் பற்றியது. உயிர் பிழைத்தார், ஆனால் முதுகு சற்றே வளைந்து, தலை ஒருபுறம் சாய்ந்து நின்றது. கம்பீரமான தம் தந்தைக்கு இப்படி அழகற்ற மகளா என்று வெளியூரார் நினைத்துவிடுவார்களே என அஞ்சி, ஞாயிறன்று கோவிலிலிருந்து திரும்பும்போது தந்தையோடு நடவாமல் சிற்றப்பாவோடு நடப்பாராம் அச்சிறுமி. ஒருநாள் பக்கத்து நகரின் கடைவீதியில், கூட்டத்தின் நடுவே தந்தை எதிரே வந்தார். மகளைக் கண்டதும் தம் உயர்ந்த பட்டுத் தொப்பியைக் கழற்றி, ஒரு சீமாட்டியை வணங்குவதுபோலத் தலை வணங்கிச் சென்றார். அந்நொடியே சிறுமியின் அச்சம் பறந்தது. மகளின் குறையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமலேயே அதைத் துடைத்தெறிந்தார் அத்தந்தை!

மற்றொரு முறை புத்தம்புது மேலங்கி அணிந்து ஜேன் ஞாயிறு வகுப்புக்குப் புறப்பட்டார். தந்தை அதைப் பார்த்து, அங்கி மிக அழகாக இருக்கிறது என்று பாராட்டினார். ஆனால் பழைய அங்கியும் அதே அளவு குளிரைத் தாங்கும், மற்றச் சிறுமியர் மனம் வருந்தாமலும் இருப்பர் என்று அன்போடு எடுத்துரைத்தார். மகள் பழைய அங்கியையே அணிந்து சென்றாள்.

தந்தையின் கட்டைவிரல், மாவைத் தேய்த்துத் தேய்த்துத் தட்டையாகிப் போனது. அதுபோலத் தம் விரலும் ஆக வேண்டும் என்று மகளும் ஆலையில் மணிக்கணக்காக மாவைத் தேய்ப்பாராம். இவ்வாறு தாய்க்குத் தாயாகவும் தந்தைக்குத் தந்தையாகவும் விளங்கினார் ஜான் ஆடம்ஸ்.

ஏழு வயது நிரம்பும் முன்னே ஒருநாள், ஆலைத் தெரு ஓரத்தில் நெருக்கியடித்து நின்ற குடிசைகளைக் கண்டு, "இவ்வளவு மோசமான வீடுகளில் மனிதர்கள் ஏன் வாழ்கிறார்கள்?" என்று தந்தையைக் கேட்டார் ஜேன். தாம் வளர்ந்ததும் பெரிய வீடு கட்டப்போவதாகவும், ஆனால் அது பெரிய வீடுகளின் நடுவே அல்ல, இத்தகைய சிறு வீடுகளின் நடுவேதான் இருக்கும் என்றும் உறுதி கூறினார். பிள்ளை விளையாட்டாய்ச் சொன்ன சொல்தான். அது பலித்த விதத்தைப் பின்னர்க் காண்போம்.

பறிபோன நிழல்

1881-ஆம் ஆண்டு ஜேன் ராக்ஃபோர்டு பெண்கள் கல்லூரியில் படிப்பை முடித்தார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் குடும்பத்தோடு விஸ்கான்சின் மாநிலத்திற்குப் பயணம் சென்றனர். வழியில் தந்தைக்குக் கடுமையான வயிற்றுவலி கண்டது. அது குடல்வால் அழற்சி. சில நாட்களில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 59. ஜேனுக்கு இருபத்தொன்றுகூட நிறையவில்லை.

இன்று குடல்வால் அழற்சிக்குச் சிறு அறுவை மருத்துவம் போதும். சில நாட்களில் நோயாளி வீடு திரும்பிவிடலாம். ஆனால் அந்நோய் இன்னதென்று விளக்கி, குடல்வாலை அறுத்து நீக்குவதே வழி என்று பாஸ்டன் நகர மருத்துவர் ரெஜினால்டு ஃபிட்ஸ் எடுத்துரைத்தது 1886-ஆம் ஆண்டில்தான். ஐந்து ஆண்டு பிந்தி வந்த அறிவு! பெற்றோரை நோய்க்கு இழந்தவர் எவரும் "இன்னும் சிறிது முன்னதாகத் தெரிந்திருந்தால்!" என்று ஏங்காமல் இருப்பதில்லை. அந்த ஏக்கம் இயல்பானது. ஆயினும் அன்று இருந்த அறிவைக் கொண்டு அன்று இருந்தவர்கள் தம்மால் இயன்றதைச் செய்தனர் என்பதே உண்மை.

எட்டு ஆண்டுகள்

தந்தையின் மறைவுக்குப் பின் ஜேன் உடனே பெருஞ்செயல் புரிந்தாரா? இல்லை! நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

அவ்வாண்டே பிலடெல்பியா நகருக்குச் சென்று பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். சில மாதங்களில் முதுகுவலி மிகுந்து படிப்பை நிறுத்தினார். அறுவைக்குப் பின் ஆறு மாதம் படுக்கையிலேயே கிடந்தார். பின் ஐரோப்பா சென்று கலைக்கூடங்களையும் கோவில்களையும் பார்த்தார், மொழிகள் கற்றார். கையில் பொருள் இருந்தது, கல்வி இருந்தது; என்ன செய்வது என்பது மட்டும் விளங்கவில்லை. படித்துப் படித்தும் எவருக்கும் பயன்படவில்லையே என்ற சோர்வு அவரை வாட்டியது.

1883-இல் இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் ஒரு சனிக்கிழமை இரவு அவர் கண்ட காட்சி மறக்க முடியாதது. ஞாயிறன்று விற்க இயலாத அழுகிய காய்கறிகளை வண்டிக்காரர்கள் ஏலம் விட்டனர். அரைக்காசுக்கு ஏலம் எடுத்த முட்டைக்கோசை ஒருவன் கழுவாமல், வேகவைக்காமல், அங்கேயே கடித்துத் தின்றான். அக்கூட்டத்தில் நீண்டிருந்த வெறுங்கைகள் அவர் கண்களை விட்டு நெடுநாள் அகலவில்லை. அப்போதும் வழி தெரியவில்லை. 1888-இல் மீண்டும் இலண்டன் சென்றபோது, டாயின்பீ மண்டபத்தைக் கண்டார். படித்த இளைஞர்கள் ஏழைகளின் பகுதிக்கே குடிவந்து, அவர்களோடு அண்டை வீட்டாராய் வாழ்ந்த இல்லம் அது. பாதிரியாரோ செல்வரோ மேலிருந்து வழங்கும் தருமம் அன்று, பக்கத்தில் இருந்து பகிரும் வாழ்வு என்பதே அதன் கொள்கை. தாம் தேடிய வழி ஜேனுக்குப் புலப்பட்டது.

1881 முதல் 1889 வரை எட்டு ஆண்டுகள்! "துக்கத்தை மறந்துவிடு, நன்றாகப் படி, இனி நீதான் பொறுப்பு" என்று பெரியோர் அன்பினால் சொல்வதுண்டு. எங்கள் வீட்டிலும் அப்பா நோயால் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அச்சொற்களை நாங்களும் அக்காவும் தம்பியுமாகக் கேட்டோம். அவை தவறான சொற்கள் அல்ல. ஆனால் துக்கத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்குச் செல்ல எவராலும் இயலாது என்பதை எங்களால் சொல்ல முடியும். இலாசரின் கல்லறை முன் இயேசு பெருமானும் கண்ணீர் விட்டார் அன்றோ? மாபெரும் பணி செய்யப் பிறந்த ஜேனுக்கே எட்டு ஆண்டுகள் தேவைப்பட்டன என்று அறியும்போது, இன்னும் வழி தெரியாமல் நிற்பவர்க்கு மனம் ஆறுதல் அடைகிறது.

ஹல் இல்லம்

1889-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் ஜேன் தம் கல்லூரித் தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டாருடன் சிக்காகோ நகரின் ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு பழைய மாளிகையில் குடியேறினார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் சுவாமி விவேகானந்தர் உரையாற்றிய அதே சிக்காகோதான். 1856-இல் சார்லஸ் ஹல் என்பவர் கட்டிய வீடாதலால் அது 'ஹல் இல்லம்' எனப் பெயர் பெற்றது. ஒருபுறம் சவ அடக்கப் பொருள்கள் விற்கும் கடை, மறுபுறம் மதுக்கடை. சுற்றிலும் இத்தாலி, செருமனி, அயர்லாந்து, ருசியா, பொகீமியா, கிரேக்கம் முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைக் குடும்பங்கள். சிறு வீடுகளின் நடுவே பெரிய வீடு! தந்தையிடம் சொன்ன சொல் பலித்தது. தந்தை விட்டுச் சென்ற செல்வமும் அவ்வீட்டிற்கே பயன்பட்டது.

குடியேறிய முதல் இரவு, பக்கத்துக் கதவைப் பூட்டாமல் மட்டுமன்றிச் சாத்தாமலும் உறங்கிவிட்டனர். காலையில் ஒரு பொருளும் களவு போயிருக்கவில்லை. ஏழைகளைப் பற்றி ஊரார் சொன்ன அச்சமெல்லாம் முதல் நாளே பொய்த்தது.

தொடக்க நாட்களில் ஒருமுறை, கணவன் இல்லாத ஓர் இளம்பெண் பிரசவ வேதனையில் தவித்தாள். அக்கம்பக்கத்தார் எவரும் அவளுக்கு உதவ முன்வரவில்லை. ஜேனும் அவர் தோழி ஜூலியா லாத்ராப்பும் ஓடிச் சென்று மருத்துவர் வரும்முன் குழந்தையைக் கையில் ஏந்தினர். அண்டை வீட்டுப் பிரசவத்திற்குச் சென்று உயிர் நீத்த தாயின் மகள் அவர் என்பதை எண்ணும்போது நம் உள்ளம் நெகிழ்கிறது.

அயலார் கற்பித்த பாடங்கள்

என்னென்ன தொண்டு செய்வது என்று ஜேன் வீட்டிலிருந்தபடி பட்டியல் போடவில்லை. அண்டை வீட்டாரின் வாழ்வே அவருக்குப் பட்டியல் தந்தது.

தொடக்கத்தில் உடல் ஊனமுற்ற மூன்று பிள்ளைகளை அவர்கள் சந்தித்தனர். ஒரு குழந்தை மூன்றாம் மாடிச் சன்னலிலிருந்து விழுந்தது; மற்றொன்று தீயில் வெந்தது; மூன்றாவது பிள்ளையின் முதுகு வளைந்திருந்தது. காரணம், மூன்று ஆண்டுகளாகப் பகல் முழுவதும் அவனைச் சமையலறை மேசைக் காலில் கட்டி வைத்திருந்தனர். நண்பகலில் மட்டும் அண்ணன் தொழிற்சாலையிலிருந்து ஓடிவந்து கட்டை அவிழ்த்து, தன் உணவைப் பகிர்ந்து கொடுப்பான். தாய் கொடியவள் அல்லள். கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் இருந்தவள். வளைந்த முதுகின் துயரம் ஜேனுக்குத் தெரியாதா? வேலைக்குச் செல்லும் தாய்மாரின் பிள்ளைகளுக்காக, நாளொன்றுக்கு 5 சென்ட் கட்டணத்தில் ஒரு காப்பகம் தொடங்கப்பட்டது.

முதல் கிறிஸ்துமஸ் விழாவில் சிறுமியர் சிலருக்கு இனிப்பு வழங்கியபோது அவர்கள் வாங்க மறுத்தனர். தாங்கள் மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலை செய்வதாகவும், அதைக் கண்ணால் காணவே பொறுக்கவில்லை என்றும் கூறினர். காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை ஆறு வாரங்கள் ஓயாமல் உழைத்த பிஞ்சுகள் அவர்கள்! இத்தகைய செய்திகளை ஹல் இல்லத்தார் திரட்டினர். அங்கு வாழ்ந்த ஃபிளாரன்ஸ் கெல்லி அம்மையாரின் முயற்சியால், 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தொழிற்சாலையில் அமர்த்தக்கூடாது என்ற சட்டம் 1893-இல் இல்லினாய் மாநிலத்தில் வந்தது.

எல்லா முயற்சியும் வென்றுவிடவில்லை. சத்துணவு அறிவியல்படி சூப்பும் குழம்பும் சமைத்து மலிவாக விற்க ஒரு பொதுச் சமையற்கூடம் திறந்தனர். மக்கள் அதை விரும்பவில்லை. உணவு சத்தானதுதான், ஆனால் தனக்குப் பிடித்ததை உண்ணவே தனக்கு விருப்பம் என்று ஒரு பெண்மணி வெளிப்படையாகச் சொல்லிவிட்டாள்! ஜேன் அவள்மீது சினம் கொள்ளவில்லை. அவ்விடம் மக்கள் கூடிப் பேசும் காப்பிக் கடையாக மாறியது. கேளாமல் கொடுப்பது தொண்டு ஆகாது என்பதை அயலாரே அவருக்குக் கற்பித்தனர்.

குப்பை வண்டியின் பின்னால்

1894-இல் ஜேனின் மூத்த சகோதரி மேரி காலமானார். தாயற்ற பிள்ளைகளுக்குச் சித்தியே பாதுகாவலர் ஆனார். அவர்களுள் உடல் மெலிந்த ஒரு சிறுவன் இருந்தான். அவனை ஹல் இல்லத்தில் தம்முடன் வைத்துக்கொள்ள முடியவில்லை. தெருக்களில் அழுகிக் கிடந்த குப்பையின் நாற்றம் அவன் உடலுக்கு ஆகாது. என் பிள்ளையை வேறிடம் அனுப்பிவிடலாம், இத்தெருவிலேயே வாழும் மற்றத் தாய்மாரின் பிள்ளைகள் எங்கே போவர் என்ற எண்ணம் அவரை உறுத்தியது.

அண்டை வீட்டுப் பெண்களைக் கூட்டினார். அவர்கள் சந்து சந்தாகச் சென்று, குப்பை எடுக்காத இடங்களைக் குறித்து நகராட்சிக்குப் புகார் எழுதினர். பயன் போதவில்லை. குப்பை அள்ளும் குத்தகையைத் தமக்கே தருமாறு 1895-இல் ஜேன் விண்ணப்பித்தார். விண்ணப்பம் தள்ளப்பட்டது, ஆனால் அதன் பரபரப்பால் நகரத் தலைவர் அவரையே வட்டாரக் குப்பை ஆய்வாளராக நியமித்தார். கல்லூரியில் படித்த சீமாட்டி, காலை ஆறு மணிக்கு எழுந்து குப்பை வண்டிகளின் பின்னால் சென்றார்! ஒரு குறுகிய தெருவில் 18 அங்குலக் குப்பைக்கு அடியில் கல் பாவிய சாலை ஒன்று இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. வீதிகள் தூய்மையாயின, அப்பகுதியில் இறப்பும் குறைந்தது.

தோழியரே, தம் வீட்டுப் பிள்ளைக்காகத் தொடங்கிய கவலை தெருவிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்குமான கவலையாக விரிந்ததைக் கவனித்தீர்களா? ஜேன் அம்மையாரின் வாழ்க்கை இரகசியம் இதுவே எனலாம்.

புகழும் மறைவும்

1907-ஆம் ஆண்டிற்குள் ஹல் இல்லம் 13 கட்டடங்களாக வளர்ந்தது. மழலையர் பள்ளி, மாலை வகுப்பு, இசைப் பள்ளி, வேலை செய்யும் பெண்கள் தாங்களே நடத்திய விடுதி எனப் பல பணிகள் நடந்தன. அங்குப் பயின்றோரும் பெரும்பணி புரிந்தனர். ஜூலியா லாத்ராப் 1912-இல் அமெரிக்க அரசின் குழந்தைகள் நலத் துறைக்கு முதல் தலைவரானார். தொழிற்சாலை நச்சுகளை ஆராய்ந்த மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1919-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முதல் பெண் ஆசிரியரானார். முதல் உலகப் போரை எதிர்த்ததால் ஜேன் அம்மையார் பலரது வெறுப்புக்கும் ஆளானார், கொள்கையை விடவில்லை. 1931-இல் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கும் நிக்கலஸ் மரே பட்லருக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணி அவரே.

1935-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் அவர் காலமானார். ஆயிரக்கணக்கான அயலார் ஹல் இல்லத்திற்கு வந்து அஞ்சலி செலுத்தினர். அவர் உடல் சீடர்வில்லில் பெற்றோரின் அருகே அடக்கம் செய்யப்பட்டது. கட்டடங்களுள் பல 1960-களில் இடிக்கப்பட்டன. அவர் பெயரால் நடந்த தொண்டு நிறுவனமும் 2012-இல் மூடப்பட்டது. பழைய வீடு இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. ஆயினும் சிறுவர் உழைப்பை ஒழிக்கும் சட்டமும், குழந்தைகளுக்கான தனி நீதிமன்றமும் உலகெங்கும் பரவி நிற்கின்றன.

நாம் கற்க வேண்டியவை

முதலாவது, துக்கத்திற்குக் காலம் கொடுக்க வேண்டும். பெற்றோரை இழந்து பள்ளிக்குத் திரும்பும் தோழியிடம் பெரிய அறிவுரைகள் வேண்டா. விடுபட்ட பாடங்களை எழுதிக் கொடுக்கலாம். உணவு வேளையில் பக்கத்தில் அமரலாம். அவள் தந்தையைப் பற்றிப் பேசினால் பேச்சை மாற்றாமல் கேட்கலாம். எங்களுக்கு அவ்வாறு செய்த தோழியர் உண்டு. அவர்கள் சொன்னது ஒன்றும் இப்போது நினைவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்தது நினைவிருக்கிறது.

இரண்டாவது, இறந்தவரின் நற்குணத்தை நம் செயலில் தொடரலாம். ஜேன் அம்மையாரிடம் தாயின் இரக்கமும், எளியோரைத் தலைவணங்கி மதித்த தந்தையின் பண்பும் வாழ்ந்தன. விரல் தட்டையாகாவிட்டாலும் மனம் தந்தையைப் போல் ஆயிற்று.

மூன்றாவது, உதவும்முன் கேட்க வேண்டும். அயலார் நம்மிடம் பெறுபவர் மட்டும் அல்லர். நமக்குக் கற்பிப்பவரும் ஆவர்.

நான்காவது, நோக்கத்தைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. பூட்டிய வீட்டில் தனித்திருக்கும் முதியவர், வேலைக்குச் செல்லும் தாயின் பிள்ளை, தெருமுனைக் குப்பை ஆகிய இவை எல்லாம் நம் தெருவிலேயே உள்ளன.

முடிவுரை

நோய் நம்மிடமிருந்து ஓர் அன்பரைப் பறிக்கலாம். அவர் நமக்குக் கற்பித்த அன்பைப் பறிக்க அதனால் இயலாது. அவ்வன்பை நமக்குள்ளேயே பூட்டி வைத்தால் அது வெறும் ஏக்கமாகும். அயலாருக்குத் திறந்துவிட்டால் தொண்டாகும். நம் அருட்சகோதரியரும் தம் வீட்டை விட்டு வந்து ஒரே இல்லமாய் வாழ்ந்து நமக்குத் தாயாவதை நாள்தோறும் காண்கிறோம். இழந்தவர்களை எண்ணி வேண்டுவோம். இருப்பவர்களைத் தேடிச் செல்வோம். தனிமரமாய் நில்லாமல் தோப்பாவோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி